மழைக்கென்று ஒரு பயணம்

பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், ஆசிரியர்களுக்கு ஓய்வு, தாய்மார்களுக்கு மட்டும் அன்றைக்கு இரட்டை வேலை. இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. காலை ஆறரை மணிக்கு மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு கைபேசியில் வந்து சேருகிறது. ஏழு மணிக்கு வீடு, அவிழ்த்துவிட்ட நெல்லிக்காய் மூட்டை. எட்டு மணிக்குத் தலையணைச் சண்டை. ஒன்பது மணிக்கு யாராவது ஒருவர் அழுதாயிற்று. பத்து மணிக்கு எல்லோருமாகச் சேர்ந்து நம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எங்கேயாவது போகலாம்!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எங்கே போவது?

வெயில் நாளில் இந்தக் கேள்வி சுலபம். மழை நாளிலோ கடற்கரை இல்லை, பூங்கா இல்லை, ஊஞ்சல் இல்லை. சினிமாவுக்குப் போகலாம் என்றால் நாலு வயதுக் குழந்தை இடைவேளை வரை தாங்காது. ஆகையால், மழை நாள் பயணத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பது ஒரு தனிக் கலை என்றே நினைக்கிறேன். சென்ற கார்த்திகையில் காரைக்குடியில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு மகாநாட்டைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. புயல் சின்னம், சிவப்பு எச்சரிக்கை என்று வானொலியும் தொலைக்காட்சியும் சொல்லுகிற நாளில், யார் எவ்வளவு அழுதாலும் வாசற்படி தாண்டக் கூடாது. 2018-ம் வருஷம் நவம்பரில் கஜா புயல் வந்தபோது புதுக்கோட்டைப் பக்கத்தில் விழுந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லுவது, விட்டு விட்டுப் பெய்யும் வடகிழக்குப் பருவ மழை. ஒரு மணி பெய்து, அரை மணி ஓய்ந்து, மறுபடி "நான் இருக்கிறேன்" என்று தலை காட்டும் சாதாரண மழை.

நாங்கள் சென்னைவாசிகள். என் கணவருக்குக் காரைக்குடி. விடுமுறைக்கு அங்கே போயிருந்தோம். போன இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு, நாலாம் நாள் காலையில், பலகாரம் ஆனதும், எங்கே போகலாம் என்ற பேச்சு எழுந்தது.

"பிள்ளையார்பட்டிக்குப் போவோம்த்தா. குகைக்குள்ள இருக்கிற பிள்ளையாருக்கு மழை ஏது, வெயில் ஏது?" என்றார் என் மாமியார்.

நியாயமான பேச்சு. கற்பக விநாயகர் குன்றைக் குடைந்து செய்த கோயிலில் இருக்கிறார். ஆறடி உயரம், இரண்டே கை, வலம்புரியாகச் சுழித்த துதிக்கை. குழந்தைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். ஆனால் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் வரிசை ஒன்று இருக்கிறது. விடுமுறை நாள், ஈரக் கால், ஈரக் குடை, நாலு வயதுப் பெண் இடுப்பில். வரிசையில் நிற்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

"திருமயம் கோட்டை!" என்றார் என் கணவர். "மேலே ஏறிப் பீரங்கியைக் காட்டலாம்."

திருமயம் கோட்டை 1687-ல் சேதுபதி கட்டியது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் மழை நாளில் அல்ல. வழவழ என்ற பாறை. உச்சியில் ஒதுங்க ஒரு நிழல் இல்லை. இடி இடித்தால் அந்த உச்சியில் நாம்தான் உயரமான பொருள். கோட்டையின் அடிவாரத்தில், ஒரே குன்றைக் குடைந்து, சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மழையில் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் பீரங்கி என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்ட பையனைக் கீழேயே நிறுத்திவைக்க யாரால் முடியும்? குன்றக்குடிக்கும் இதே கதைதான். மலைக்கோயில், படிகள், ஈரம்.

எட்டு வயதுப் பெரியவன், "ரயிலில் போகலாம்" என்றான். இது அவ்வளவு மோசமான யோசனை அல்ல. காரைக்குடியிலிருந்து திருச்சிப் பாதையில் சாதாரண வண்டியில் ஏறினால், கோட்டையூர், செட்டிநாடு, திருமயம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து புதுக்கோட்டைக்குப் போய்விடலாம். ஜன்னலுக்கு வெளியே நிறைந்த கண்மாய்கள். போய்ச் சேருகிற இடத்தில், திருக்கோகர்ணத்தில், 1910-ல் ஆரம்பித்த அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பாடம் செய்த மிருகங்களும் பழைய நாணயங்களும் கூரையின் கீழ் சௌகரியமாகக் காத்திருக்கின்றன. ஆனால் அன்றைக்கு நேரம் கடந்துவிட்டது. வண்டி நேரம் பார்த்து முதல் நாளே தீர்மானிக்க வேண்டிய பயணம் அது.

நாலு வயதுச் சின்னவளை யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்:

"நான் மழைக்குள்ளே போகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது. முந்தின வருஷம் இதே மாதத்தில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்து, இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் கழித்தோம். அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவளுக்கு, மழை என்பது கவிகள் பாடும் விஷயமாக இருக்க முடியாது. அதற்குப் பிறகு வானம் இருண்டால் போதும், குல்லாய், சட்டை, கதவு, தாழ்ப்பாள். டாக்டர் என்னவோ நிதானமாகத்தான் சொன்னார்: "மழைத் தண்ணீர் மேலே பட்டதனால் மட்டும் சளி பிடித்துவிடாது, அது கிருமியால் வருவது. ஆனால் ஈரத்தோடு குளிர்காற்றில் நிற்க விடாதீர்கள். மருந்தைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்." டாக்டர் சொன்னது புத்திக்குப் புரிந்தது. வயிற்றில் கட்டியிருந்த பயத்துக்குப் புரிய வேண்டாமா?

ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். மற்ற மூவரும் மழையிலிருந்து தப்பிக்க இடம் கேட்டார்கள். அவள் ஒருத்திதான் மழையையே கேட்டாள்.

இப்படிப்பட்ட சமயத்தில் நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுவது வழக்கம். நீங்களும் கேட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் கூரை உண்டா? குழந்தையின் கைக்கு வேலை உண்டா? நினைத்த நேரத்தில் திரும்பி வர முடியுமா? மூன்றுக்கும் "உண்டு" என்று பதில் வருகிற இடம் எதுவோ அதுதான் மழை நாளுக்கு ஏற்ற இடம். பெயர் பெற்ற இடமாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

அந்தக் கணக்குப்படி காரைக்குடியின் பிரசித்தமான இடங்கள் சில அடிபட்டுப் போயின. ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்றுதான் பார்க்க வேண்டும். மழையில் ஜன்னலை எண்ணச் சொன்னால் பெரியவன் எண்ணாமல் விடமாட்டான். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குக் கூரை உண்டு. ஆனால் கைக்கு எட்டும் உயரத்தில் பீங்கானும் கண்ணாடியும்! சின்னவளின் கைக்கு வேலை உண்டு. என் பைக்கும் வேலை வைத்துவிடுவாள்.

மிஞ்சியது ஆத்தங்குடி. பூக்கல் செய்கிற ஊர். அரைமணிப் பயணம். வாடகைக் கார் ஒன்றைப் பேசிக்கொண்டு கிளம்பினோம்.

ஆத்தங்குடிக் கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள், பூவும் கொடியும் கோடு கோடாக வளைந்த உலோக அச்சு. தொழிலாளி கரண்டியில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை எடுத்து, இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, நடுவில் மஞ்சள் என்று ஊற்றுகிறார். அச்சை மெல்லத் தூக்குகிறார். வண்ணம் ஒன்றோடொன்று கலக்கவில்லை! அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கும் மேலே ஈரச் சாந்து பூசிச் சமன் செய்து எடுத்து வைக்கிறார். பிறகு சில நாள் தண்ணீருக்குள் ஊற வேண்டும். உலர்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும். கண்ணாடியின் மேல் வார்த்ததால்தான் அந்த வழவழப்பு. இயந்திரம் இல்லை, சூளை இல்லை. மழை நாளில் உலருவது மட்டும் மெதுவாக நடக்கும். வார்ப்பது கூரைக்குள் நடந்துகொண்டேயிருக்கும்.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பெரியவன் கையில் கரண்டியைக் கொடுத்து, "ஊத்துப்பா, தம்பி. சிந்தினா சிந்தட்டும்" என்றார். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஊற்றிய ஊற்றைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பையன், முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் நின்றான்.

திரும்பும் வழியில் மாமியார், "கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி இருக்காக. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றார். தனியாக இருக்கும் வயதானவர். மழையில் எப்படி இருக்கிறாரோ என்ற கவலை.

கானாடுகாத்தான் வீதிகளில் மழையன்று நடமாட்டமே இல்லை. இருபுறமும் அரண்மனை மாதிரி வீடுகள். பாதிக்கு மேல் பூட்டு. ஆச்சியின் வீட்டில் திண்ணை, முகப்பு தாண்டி உள்ளே போனதும் சின்னவள் திகைத்து நின்றுவிட்டாள்.

"அம்மா! வீட்டுக்குள்ளே மழை பெய்யுது!"

வளவு வாசல். நாலு பக்கமும் நாட்டு ஓட்டுக் கூரை உட்புறமாகச் சரிந்து, நடுவிலே வானம் திறந்திருந்தது. கூரைகள் கூடும் மூலை நாலிலும் நீர் கயிறாக இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பாத்திரம்: அண்டா, கிடாரம், தவலை, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"வாங்க, வாங்க! மழைக்குள்ள புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கீகளே!" என்று ஆச்சி எழுந்து வந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. பிள்ளைகள் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். பெரியவன் ஓடி ஓடி எண்ணிவிட்டு வந்து, 36 கதவு என்றான். ஆச்சி புழங்குவது இரண்டே அறை.

பெரிய ஆறு எதுவும் இல்லாத சீமை இது. ஆகையால் மழையை எப்படி வாங்க வேண்டும் என்று யோசித்தே இந்த வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். கூரையில் விழுந்தது வளவுக்கு, வளவில் பிடித்தது போக மிஞ்சியது வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழை நீர் சேகரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 2003-ல். இந்த வீடுகளுக்கு அந்தச் சட்டம் பழைய பாடம். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றதற்கு இந்த நீர் ஏற்பாடும் ஒரு காரணம்.

சின்னவள் வளவின் ஓரத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். நான் பேசாமல் இருந்தேன். ஆச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்றார்.

சொன்னேன். ஆச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "பயப்படாதே" என்று சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கனத்த துண்டும், அடுப்பில் வைத்த சுக்குக் காப்பியுமாக வந்தார். "காத்து உள்ள வராது. இங்க நாலு பக்கமும் சுவரு. கொஞ்ச நேரம் நிக்கட்டும். நான் துண்டோட நிக்கிறேன்" என்றார்.

என் கைப்பையில் மருந்து இருந்தது. கார் வாசலில் இருந்தது. பத்து நிமிஷம் என்று சொல்லி விட்டேன். அவள் முதலில் ஒரு காலை மட்டும் நீட்டினாள். பிறகு கை. பிறகு முகத்தை வானத்தைப் பார்த்து நிமிர்த்திக்கொண்டு, வாயைத் திறந்து நின்றாள். அண்ணன் குதித்தான். வாளி நிறைந்ததும் கவிழ்த்து வைத்தார்கள், மறுபடி நிறைந்தது. அந்த வீட்டில் எத்தனை நாளாக இப்படிச் சத்தம் கேட்கவில்லையோ, ஆச்சி தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பத்தாவது நிமிஷம் துண்டு வந்துவிட்டது. துவட்டி, உடை மாற்றி, மடியில் வைத்துக்கொண்டு மார்பில் காதை வைத்துப் பார்த்தேன். இதயம் குதிரை ஓட்டம்; மூச்சு சுத்தம்.

வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வந்தன. குழந்தைகளுக்குத் துவையலுக்குப் பதில் சர்க்கரை. தின்றுகொண்டிருக்கையில் ஆச்சி மாமியாரிடம் சொன்னார்: "தை மாசம் பங்காளிக கூடுறாக. வீட்டை வச்சுக்கிறதா, எடுத்துடுறதான்னு பேசணுமாம். ஓடு மாத்த ஆகிற செலவை யாரு போடுறது? அவுகளையும் குத்தஞ் சொல்ல முடியாது."

அவர் சொன்னது உண்மை. ஒரு வீட்டுக்குப் பங்கு பல. பங்குதாரர் பல தேசத்தில். பர்மாவில் தேடிய செல்வத்தில் கட்டிய வீடுகள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது ஆட்டம் கண்ட செல்வம், 1962-க்குப் பின் அங்கே தொழில்கள் தேசியமயமானபோது அடியோடு போயிற்று. வீடு மட்டும் நின்றது. இன்று ஒரு வீட்டைப் பிரித்தால், தேக்குத் தூண் ஒரு பக்கம், கதவு நிலை ஒரு பக்கம், அண்டா ஒரு பக்கம் என்று விலைக்குப் போகிறது. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நாம் வியந்து பார்க்கிற தூணுக்கு மேலே ஒரு காலத்தில் ஒரு கூரை இருந்தது. அந்தக் கூரைக்கு நடுவில் ஒரு வானம் இருந்தது.

விடை பெறும்போது ஆச்சி சின்னவளின் கன்னத்தை வழித்து, "அடுத்த மழைக்கும் வா, தாயி" என்றார். "வீடு இருக்குமா?" என்று பெரியவன் கேட்டுவிட்டான். குழந்தைகளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. ஆச்சி, "நான் இருந்தா இருக்கும்" என்று சிரித்தார்.

அன்று இரவு சின்னவளுக்குச் சளியும் இல்லை, இரைப்பும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் குழந்தையின் உடம்பு உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும்தான் தெரியும்.

நீங்கள் செட்டிநாட்டுப் பக்கம் மழைக்காலத்தில் போனால் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. மாற்று உடுப்பு, துண்டு, டார்ச் விளக்கு, ஈரத் துணிக்கு ஒரு பை. நிறைந்த ஊருணிப் பக்கம் குழந்தையின் கையை விடாதீர்கள். பாசி படிந்த படி ஒரு நொடியில் வழுக்கிவிடும். பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டுச் சுவரோரம் மழைக்கு ஒதுங்க வேண்டாம். ஆத்தங்குடிக்குப் போகுமுன் வேலை நடக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மழை விட்ட மறு நாள் காலையில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் வேட்டங்குடிக்குப் போங்கள். 1977-லிருந்து அது பறவைகள் சரணாலயம். 38.4 ஹெக்டேர்தான், ஆனால் கண்மாய் நிறைந்த வருஷத்தில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அவை பயந்துவிடக் கூடாது என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. இதைக் குழந்தைகளிடம் சொல்லுங்கள், உபதேசம் தேவையிருக்காது. மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கீழடி இருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம். அதையும் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில்தான் கட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின குழந்தைகள் விளையாடிய சில்லும் காயும் அங்கே உண்டு.

இவை எதுவும் உங்கள் ஊரில் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும். உங்கள் தெருவிலோ, உறவிலோ, மழை நாளில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆச்சியோ பாட்டியோ நிச்சயம் இருப்பார். கூரை உண்டு, குழந்தைகளின் கைக்கு ஏதாவது ஒரு வேலை கொடுப்பார், நினைத்த நேரத்தில் திரும்பி வரலாம். அடுத்த மழை விடுமுறைக்கு, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டு வாருங்களேன்!